கோடையில் இசைக்கென ஒரு நாள்: பெங்களூரா, ஏலகிரியா, ஆரணிப் பக்கத்துக் கூத்தா?

சித்திரை பிறந்துவிட்டால், வேலூரில் வெளியூர்ப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுப்பவரை வீட்டார் சற்றுக் கவலையோடுதான் பார்ப்பார்கள். மே மாதத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே ஒரு செய்தியே ஆகாது. ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட சூட்டை இரவு பத்து மணி வரை திருப்பித் தந்துகொண்டிருக்கும். இருந்தும் எங்கள் இருவருக்கும் ஆண்டில் ஒரு நாளையாவது இசைக்கென்று ஒதுக்க வாய்ப்பது இந்தக் கோடையில் மட்டுமே. நான் பள்ளி ஆசிரியை. தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்குவது இப்போதுதான். என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவருக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை.

எங்கள் விருப்பங்களும் ஒன்றல்ல. நான் சிறு வயதில் ஆறு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவள். கீர்த்தனைகளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டாலும், எங்கேனும் ஒரு ஆலாபனை கேட்டால் கால் தானாக நின்றுவிடும். அவருக்குத் திரையிசைதான் எல்லாம். இவற்றுக்கு மேலாக ஒரு நிபந்தனையும் உண்டு: எங்கள் மகளுக்கு நான்கு வயது, அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் முழங்கால் வலியுள்ள என் அத்தை. உறங்கும் குழந்தையை அவரால் எளிதாகக் கவனித்துக்கொள்ள முடியும். ஓடும் குழந்தையை முடியாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் மற்ற எல்லாவற்றையும் விட வலிமையானது என்பதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுகிறேன். சென்னையின் திறந்தவெளி மைதானங்களில் நடக்கும் பெரிய திரையிசை நிகழ்ச்சிகள் என் கணவரின் முதல் தேர்வாக இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒன்றுக்குப் போய்வந்தோம். மலிவான நுழைவுச்சீட்டில் எங்களுக்குக் கிடைத்த இடம் மேடையிலிருந்து நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாது. பாடகர் விரல் அளவில் தெரிந்தார், ஆகவே எல்லோரும் திரையைப் பார்த்தே பாட்டைக் கேட்டோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பயணிப்பது. மேடை ஒலிபெருக்கிகளிலிருந்து அது எங்களை வந்தடைய அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகியிருக்க வேண்டும். அதனால் திரையில் வாய் மூடிய பிறகு சொல் வந்து சேர்ந்தது. தொலைவில் இருப்பவர்களுக்காக இடையிடையே கோபுரங்கள் நட்டு, அவற்றில் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டு, கணக்கிட்டுத் தாமதப்படுத்திய ஒலியை அனுப்பும் முறை இருக்கிறது. அன்று அதைச் செய்தவர் யாரும் இல்லை. பாட்டு முடிந்த பின் வாகன நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வர எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த இரவில் இசையை விட நினைவில் நிற்பது முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்குதான். இந்த ஆண்டு அவரே இந்தத் தேர்வை விலக்கிக்கொண்டார்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவையும் ஒரு வார்த்தை சொல்லிக் கடந்துவிட வேண்டும். ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோபுரம்போல் உயரும் கூட்டத்தின் நடுவே கோயிலில் உடலோடு பொருத்தப்படும் அந்தக் காட்சியும், வழிநெடுகச் சிதறும் தேங்காய்களும், பம்பையும் சிலம்பமும் புலியாட்டமும் இந்த மாவட்டத்தில் பிறந்தவர் ஒரு முறையாவது காண வேண்டியவை. ஆனால் அது வழிபாடு; கைகோத்துக்கொண்டு போனாலும் அந்த நெரிசலில் கை நழுவிவிடும். இருவர் சேர்ந்து இசை கேட்கும் நாளாக அதை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இனி எஞ்சியவை மூன்று: பெங்களூரின் இராமநவமி இசை விழா, ஏலகிரிக் கோடை விழா, ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதியம்மன் கோயிலுக்காக நடக்கும் பாரதக் கூத்து.

இவற்றில் பெங்களூரை நான் வெகுகாலமாக மனத்தில் வைத்திருந்தேன். சாம்ராஜ்பேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தலிட்டு ஸ்ரீராம சேவா மண்டலி நடத்தும் அந்த விழா 1939ஆம் ஆண்டு தொடங்கியது. இராமநவமியை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம், ஒவ்வொரு மாலையும் கச்சேரி நடக்கும். செம்பை வைத்தியநாத பாகவதரும் எம்.எஸ்.சுப்புலட்சுமியும் பாடிய விழா அது. மார்கழியில் சென்னை சபாக்களில் இடம்பிடிக்க நடக்கும் போராட்டத்தை நினைத்தால், கோடையில் இப்படி ஒரு மாதம் தரமான கச்சேரிகள் திறந்த பந்தலில் நடப்பது பெரிய வாய்ப்பு. ஊரும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஜோலார்பேட்டையைத் தாண்டி இரயில் குப்பம் பக்கம் மேலேறும்போதே சன்னல் காற்றின் குணம் மாறிவிடும். வேலூர்க்காரருக்கு அந்தக் காற்றுக்காகவே பயணச்சீட்டு வாங்கலாம் என்று தோன்றும்.

போய்வருவதும் கடினமில்லை. காட்பாடியில் காலையில் பிருந்தாவன் விரைவு வண்டியைப் பிடித்தால் (1964 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் உறவினரைப் போலப் பேர்சொல்லித்தான் குறிப்பிடுவார்கள்) பிற்பகலில் பெங்களூரு போய்ச் சேரலாம். இரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட், அங்கிருந்து மைதானம் அருகில்தான். மாலையில் தொடங்கும் முக்கியக் கச்சேரி மூன்று மணி நேரம் அளவுக்கு நீளும். முடிந்ததும் சென்னைக்குப் போகும் இரவு மெயிலைப் பிடித்தால் விடிவதற்கு வெகு முன்பே காட்பாடியில் இறங்கிவிடலாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் தயக்கம் வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பி வரும் வரை பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். அதில் இசை மூன்று மணி நேரம். மீதி நேரத்தை நாங்கள் இரயிலிலும், வெயிலில் ஊர் சுற்றுவதிலும், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்து மெயிலைப் பற்றிக் கவலைப்படுவதிலும் கழிப்போம். பல்லவி பாடி முடித்துத் துக்கடாக்கள் எனும் சிறு பாடல்களுக்கு வரும் கட்டத்தில், புரந்தரதாசரின் கன்னடப் பக்திப் பாடலான தேவர்நாமா ஒன்றைப் பாதியில் விட்டு எழுந்து ஓட நேர்ந்தால் அதைவிடப் பாடகருக்குச் செய்யும் அவமரியாதை வேறில்லை. ஓர் இரவு தங்கிவிடலாம் என்றால் அறை வாடகையும் மறுநாள் விடுப்பும் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பகல் முழுவதும், விழித்திருக்கும் ஒரு நான்கு வயதுக் குழந்தையின் பின்னால் அத்தை ஓட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கச்சேரியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தாலும் தம்பதியர் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். ஆலாபனையின் நடுவே அவர் குனிந்து, “இது எந்த ராகம்?” என்று காதோடு கேட்டால் முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்ப்பார், கேட்காமல் இருந்துவிட்டால் மூன்று மணி நேரம் அவர் எனக்குத் துணைக்கு வந்தவராக மட்டுமே இருப்பார். இசையறிவில் சமமாக உள்ள இருவருக்கு, குழந்தைப் பொறுப்பும் இல்லாதபோது, இந்த மூன்றில் நான் தயங்காமல் சொல்வது பெங்களூரைத்தான்.

ஏலகிரி இதற்கு நேர்மாறானது. அங்கே எல்லோருக்கும் ஏதாவது இருக்கும், யாருக்கும் முழுமையாக இருக்காது. ஜோலார்பேட்டைக்கு அருகே பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருப்பதால் ஏறும்போதே ஒரு வகுப்பு நடத்திவிடலாம் என்று என் கணவர் என்னைக் கேலி செய்வார். கோடை விழா நடக்கும் நாட்களில் மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, புங்கனூர் ஏரியில் படகு, மாலையில் மேடை நிகழ்ச்சிகள் என்று கூட்டம் கூடும். மேடையில் கரகாட்டம் முடிந்ததும் பள்ளி மாணவியரின் நடனம், அதன் பின் மெல்லிசை என எல்லாமே பத்துப் பத்து நிமிடங்களாக வந்து போகும். இடையில் வாழ்த்துரைகள் உண்டு. குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்பது இதன் பெரிய பலம். அத்தையும் வரலாம். அப்போது அது குடும்பச் சுற்றுலா ஆகிவிடும்; அது நல்ல நாள்தான், ஆனால் நாங்கள் தேடும் நாள் அதுவன்று. பலாப்பழம் வாங்க மட்டும் ஜூனில் ஒரு முறை போய்வருவதாக ஒப்புக்கொண்டு அதை ஒதுக்கி வைத்தோம்.

கூத்தை முன்வைத்தது நான், எதிர்த்தது அவர். இது கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஏனென்றால் கூத்து அவருடைய ஊர்ப் பொருள். ஆரணிக்கு அருகே பிறந்து வளர்ந்த அவருக்குக் கூத்து என்பது பாயில் சுருண்டு, மல்லாட்டை (வேர்க்கடலை) கொறித்துக்கொண்டே உறங்கிப்போன இரவுகளின் பெயர். “அதைப் பார்க்க இங்கிருந்து கிளம்பிப் போக வேண்டுமா?” என்று அவர் கேட்டதில், சொந்த வீட்டுப் பண்டத்துக்கு விருந்தாளி ஆசைப்படும்போது எழும் கூச்சம் இருந்தது. நானோ வேலூர்ச் சத்துவாச்சாரியில் வளர்ந்தவள். விடிய விடிய உட்கார்ந்து ஒரு கூத்தையும் பார்த்ததில்லை.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரையில் எங்காவது ஒரு திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் காலம் என்பதால் ஊரில் வரி பிரித்து விழா எடுக்க இதுவே பருவம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுட்களைப் பாட்டோடும் ஆர்மோனியத்தோடும் விரித்துச் சொல்வார். அன்று பகலில் சொன்ன கதையின் போக்கை ஒட்டி இரவில் கூத்து நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் அடுக்காக வந்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும் படுகளத்திலும், மாலைத் தீமிதியிலும் முடியும். இந்த முழு நிரலும் வண்ணத் தாளில் நோட்டீசாக அச்சாகி, தேநீர்க் கடைச் சுவரிலும் பேருந்து நிழற்குடையிலும் ஒட்டப்பட்டிருக்கும். இசை விழா ஒன்றின் நிகழ்ச்சி நிரலுக்கு வேறென்ன வேண்டும்?

இசை என்ற வகையில் கூத்தைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் முகவீணையைக் கிட்டத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். நாகசுரத்தின் சிறு தங்கை போன்ற அந்தக் கருவி, பாடுபவரின் உச்சக் குரலுக்கும் மேலே ஏறி நின்று, அவர் மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் நிரப்பும். ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொள்ள, மிருதங்கமும் டோலக்கும் தாளமும் ஆட்டக்காரரின் காற்சலங்கையோடு கட்டிப் புரளும். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் ஊர்க் கடைசியில் அமர்ந்தவருக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே வளர்ந்த குரல் அது. இப்போது தலைக்கு மேலே ஒலிவாங்கி தொங்கினாலும் அந்த உச்சம் குறையவில்லை. புலம்பலில் முகாரி இழையும்போதும் வேறோர் இடத்தில் மோகனம் துள்ளும்போதும், நான் சிறு வயதில் வீணாக மனப்பாடம் செய்ததாக நினைத்த ஆரோகண அவரோகணங்கள் இங்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு நடப்பது தெரியும். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானைத் தேடி நவீன நாடகக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டது காரணமில்லாமல் நடந்ததன்று.

வேடம் நுழையும் முறையும் கேட்பதற்கென்றே அமைந்தது. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்க, அதன் பின்னால் நின்றபடி வேடக்காரர் தன் வரவை விருத்தமாகப் பாடுவார். நமக்குத் தெரிவது மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டுமே. குரலைக் கேட்டுத்தான் வருபவர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் அறிகிறோம். கூத்தின் அறிவிப்பாளனும் கோமாளியுமான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து “யாரய்யா நீர்?” என்று விசாரிக்கும் வரை திரை விலகாது.

தம்பதியருக்கு இதில் உள்ள பெரிய வசதி, பேசலாம் என்பதே. பக்கத்தில் இருப்பவர் கதை கேட்பார், பின்னாலிருந்து ஒரு கிழவி அடுத்த பாட்டின் முதலடியைச் சொல்லிவிடுவார், கட்டியங்காரன் உள்ளூர்ச் சாலையைப் பற்றிக் கிண்டல் அடிக்கும்போது ஊரே சிரிக்கும். என்னால் ராகத்தைச் சொல்ல முடியும். என் கணவரால் அடுத்து என்ன நடக்கும் என்பதையும், எந்த இடத்தில் ஆட்டக்காரர் நேரத்தை இழுக்கிறார் என்பதையும் சொல்ல முடியும். ஒருவர் மற்றவருக்குத் துணையாக வந்தவர் ஆக மாட்டார்.

குறைகள் உண்டு, அவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. முதன்மையானது கழிப்பறை. கோயில் திடலில் பெண்களுக்கான ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. தெரிந்த வீடு ஒன்று அருகில் இல்லாத ஊருக்கு, விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சிக்குப் போகும்படி எந்தப் பெண்ணிடமும் நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அந்த ஊரில் அவருடைய சித்தி வீடு திடலுக்குப் பின்தெருவில் இருப்பதால்தான் இந்தத் தேர்வு உயிரோடு இருக்கிறது. கொசு, தரைச் சூடு, ஜெனரேட்டர் புகை ஆகியவற்றைப் பாயின் இடத்தைப் பார்த்துப் போட்டுச் சமாளிக்கலாம். திரும்பும் பயணம்தான் உண்மையான ஆபத்து. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணி நாற்பது கிலோமீட்டர் அளவுதான் என்பதால் இருசக்கர வண்டியில் போய்வர ஆசை வரும். இரவு முழுவதும் கண் விழித்தவர் அதிகாலையில் வண்டி ஓட்டுவது தூக்கத்தின் கையில் கைப்பிடியைக் கொடுப்பதற்குச் சமம். ஆகவே வண்டி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மாலைப் பேருந்தில் போய், காலையில் ஆரணியிலிருந்து வேலூருக்கு அடிக்கடி ஓடும் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்துத் திரும்புவதாக முடிவாயிற்று. அந்தப் பேருந்தில் யார் தோளில் யார் சாய்ந்து உறங்குவது என்பது மட்டும் தீராத வழக்கு.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணம், சித்தி வீட்டுக்கு ஒரு பெட்டி ஆற்காட்டு மக்கன் பேடா, ஆட்டம் பிடித்திருந்தால் ஆட்டக்காரருக்கு அன்பளிப்பாக இருநூறு ரூபாய். அப்படிக் கொடுத்தால் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் என் கணவரின் ஒரே கவலை.

இதில் நான் கண்டுகொண்டது ஒன்று. “ஒரு நாள்” என்று சொல்லிக்கொண்டே நாங்கள் இதுவரை பகலையே எண்ணிக்கொண்டிருந்தோம். வேலூர்ச் சித்திரையில் பகல் என்பது மனிதர் வெளியே செலவழிக்கத்தக்க பொருளே அன்று. எங்கள் வீட்டு ஏற்பாட்டிலும் அதுதான் விலை உயர்ந்த நேரம், ஏனென்றால் மகள் விழித்திருப்பது அப்போதுதான். மாலையில் அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டுக் கிளம்பினால், அவள் கதை கேட்டு உறங்கி எழுவதற்கும் நாங்கள் திரும்பி வந்து வாசலில் நிற்பதற்கும் பெரிய இடைவெளி இராது. அத்தைக்கும் முழங்காலுக்கு வேலை இல்லை. ஒரு சனிக்கிழமை இரவைக் கூத்துக்குக் கொடுத்து, ஞாயிற்றுப் பகலை, எப்படியும் வெளியே போக முடியாத அந்த வெயிலை, உறக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். இந்த வாதத்தைக் கேட்டபின் அவர் எதிர்ப்பதை நிறுத்திக்கொண்டு, எந்த இரவு என்ற கேள்விக்கு வந்துவிட்டார்.

அவர் சொன்னது வில் வளைப்பு. கல்யாணக் கதை, கூட்டமும் கலகலப்பும் மிகுதி, சீக்கிரம் எழுந்து வந்தாலும் இழப்பில்லை என்பது அவர் கணக்கு. பகடை துகில் இரவைப் பார்க்க எனக்கு மனத்திடம் போதாது. துரியோதனன் சபையில் அந்தப் பெண் கேட்கும் கேள்விகளை, பிழிந்தெடுக்கும் குரலில், ஊர்ப் பெண்களோடு அமர்ந்து கேட்பது இன்னொரு ஆண்டுக்கு ஆகட்டும். நான் கேட்டது கர்ண மோட்சம். போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வரும் காட்சிதான் அந்த இரவின் உயிர். அவன் பிறப்பை இகழ்ந்து இத்தனை நாள் ஒதுக்கி வைத்தவள் அவள். அவளோடு அவன் வழக்காடி, அவள் கேட்க வேண்டியதைக் கேட்டு, அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கடைசியில் அவள் அவனைப் போக விடாமல் தடுக்கும் அளவுக்கு மனம் மாறுவதை, பாட்டாலும் பதில் பாட்டாலும் நள்ளிரவைத் தாண்டி நீட்டுவார்கள். மணமான இருவர் அருகருகே அமர்ந்து கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான, அல்லது இதைவிட ஆபத்தான, பகுதி பாரதத்தில் இல்லை.

சித்தி நோட்டீசைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கர்ண மோட்சம் சனிக்கிழமை இரவில்தான் வருகிறது. பாய் சித்தி வீட்டிலேயே இருக்கிறது. தண்ணீர்ப் புட்டிகள் இரண்டும் ஒரு பருத்திப் போர்வையும் நாங்கள் எடுத்துப் போக வேண்டியவை. மல்லாட்டை அங்கேயே சூடாக வறுத்துத் தருவார்கள் என்று என் கணவர் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் முன்பிருந்த கூச்சம் இல்லை.